மறுப்புக்கான காரணம்

சம்மதச் சட்டத்தை எழுதியவர்கள் நல்லவர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். தனியாக வாழும் மனிதர்களைப் பற்றி மட்டும் அவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

சட்டம் வருவதற்கு முன் நடந்த கூத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கைப்பேசியில் ஒரு செருப்பைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டால், பத்து நாளைக்கு அந்தச் செருப்பு நம் பின்னாலேயே வரும். முழங்கால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், பல் தேய்த்து முடிப்பதற்குள் தைலக்காரன் திரையில் வந்து நிற்பான். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெண்மணிக்கு ஒரு வாரம் முழுக்க மணமுறிவு வக்கீல்களின் முகங்களாகவே வந்து பல்லைக் காட்டின. இதென்னடா கருமம் என்று தள்ளித் தள்ளி விட்டாள். எட்டாம் நாள் அவள் கணவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றான். வீட்டில் இருவருக்கும் ஒரே இணையக் கணக்கு. அவன் தேடியது அவளுக்கு வந்திருக்கிறது. கட்டியவளுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே விளம்பரக்காரனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்மணிதான் மங்கையர்க்கரசி. இப்போது வயது நாற்பத்தேழு. கணவன் விட்டுப் போய் ஒன்பது வருடம். பிள்ளை குட்டி கிடையாது. சம்மதம் கேட்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக விண்ணப்பம் போட்டாள். இனி இன்னொருத்தி வக்கீல் மூஞ்சியைப் பார்த்துத் தன் கதையைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவளுக்கு ஓர் ஆத்திரம்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். ஒருவர் இணையத்தில் எதைப் பார்த்தார், எங்கே தயங்கி நின்றார், எதை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார் என்கிற தடயங்களை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால், உயிருள்ள மனிதர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருடைய தாய்மொழியில் விளக்கி, சம்மதம் வாங்க வேண்டும். மறுத்தால் இருபத்தெட்டு நாள் கழித்து மறுபடி கேட்கலாம். ஆனால் அதே ஆள்தான் கேட்க வேண்டும், ஆள் மாற்றி ஆள் விட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மறுப்பவர் பேசி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மறுப்புக்கான காரணத்தை ஐம்பது வார்த்தைக்குக் குறையாமல் எழுதி வைக்க வேண்டும். சம்மதித்துவிட்டாலோ, அத்தோடு சரி. அப்புறம் அவருக்கு யாரும் போன் செய்யவே மாட்டார்கள்.

மங்கை தன் மாடி வீட்டில் காதுப்பொறியை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் பேசுவாள். நாற்பது பேரில் ஒருவர்கூட அவளிடம் நின்று பேசியது கிடையாது. முக்கால்வாசிப் பேர், "சரி சரி, எடுத்துக்கங்க, ஆளை விடுங்க" என்பார்கள். மிச்சப் பேர், "வேண்டாம், வை போனை" என்பார்கள். காரணம் எழுதும் பெட்டியில் மற்ற ஊழியர்கள் 'விருப்பமில்லை' என்ற ஒரே சொல்லை ஐம்பது தடவை ஒட்டிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார்கள். மங்கை அப்படிச் செய்ய மாட்டாள். மனிதர் வாய் திறந்து சொன்னதை மதிக்க வேண்டாமா என்று, சொன்னதைச் சொன்னபடி உட்கார்ந்து எழுதுவாள். அந்தப் புண்ணியம்தான் கடைசியில் அவள் கழுத்தைப் பிடித்தது.

தூத்துக்குடி இன்னாசிமுத்து அவள் பட்டியலில் வந்து பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. துறைமுகத்துச் சரக்குப்பெட்டி முனையத்தில் கிரேன் ஓட்டுபவர். வயது ஐம்பத்திரண்டு. மனைவி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். முதல் அழைப்பில் அவள் மனப்பாடமாகச் சட்டத்தை ஒப்பித்து முடித்ததும், "வேண்டாம்" என்றார்.

"காரணம் சொன்னீங்கன்னா எழுதிக்குவேனுங்க."

"இன்னைக்கு வியாழக்கெழம."

"அது ஒரு காரணமுங்களா?"

"ஏன், வியாழக்கெழமையில நான் ஒண்ணுக்கும் சரின்னு சொல்லுததில்ல. எழுதிக்கிடுங்க."

மங்கைக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. எவ்வளவு நாளாயிற்று, வாய்விட்டுச் சிரித்து! அடுத்த மாதம் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று மறுத்தார். மூன்றாவது மாதம் ஒரு கேள்வி கேட்டார்.

"நான் சரின்னுட்டா, நீங்க மறுபடி கூப்பிடுவியளா?"

"இல்லீங்க. அத்தோட முடிஞ்சுது."

"அப்பம் எனக்குச் சம்மதம் இல்ல."

ஐம்பது வார்த்தை எழுத வேண்டிய இடத்தில் அன்றைக்கு என்ன எழுதுவது என்று அவளுக்கு வெகுநேரம் தெரியவில்லை.

அதன் பிறகு காரணம் சொல்வது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. காரணம் என்று ஆரம்பித்து, கதையாகி, ஒரு மணி நேரம் ஓடும். முப்பத்தைந்து மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு, வீட்டில் முக்காலி மேல் ஏறி பல்பு மாட்டக் கால் நடுங்குமாம். அடுத்த தெருவில் இருக்கும் தங்கை ஜெசிந்தா சொத்துத் தகராறில் முகம் கொடுத்துப் பேசி எட்டு வருடம் ஆயிற்றாம். தங்கை மகள் கல்யாணத்துக்கு அழைப்பில்லை. அன்றைக்கு வேண்டுமென்றே பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, மேலே கூண்டில் இருந்தபடியே மாதா கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "புள்ள சீலை என்ன கலர்னுகூடத் தெரியல. வெள்ளையா ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு மேல கைய உசத்தி சிலுவ போட்டேன்" என்றார்.

மங்கை அதை அப்படியே எழுதினாள். வெள்ளைப் புள்ளி உட்பட. எழுதும்போது கண் கலங்கிக் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. இந்தப் பெட்டியை யார் படிக்கப் போகிறார்கள், சட்டத்துக்காக ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்தாள். அவளுக்கு நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் இல்லை. பேசுவதற்கு ஆளும் இல்லை. இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அவளும் சொன்னாள். வக்கீல் முகங்களைப் பற்றி. கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் ஊருக்குப் போனபோது, போன் தவிர வேறு மனிதக் குரலே கேட்காமல் இருந்ததைப் பற்றி. இருபத்தெட்டு நாளில் இருபத்தேழு நாளை அவள் சும்மா தள்ளினாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் உயிரோடு இருந்தாள். நாற்பத்தேழு வயதில் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவள் யோசிக்கவில்லை, பெயர் வைத்தால் போய்விடுமோ என்று பயம்.

பத்தொன்பதாவது அழைப்பில் இன்னாசிமுத்து கேட்டார்: "மாசத்துக்கு ஒருக்கதான் கூப்பிடணும்னு எந்த மடையன் எழுதி வச்சான்?"

"சட்டமுங்க."

"சட்டத்துல தெனமும்னு மாத்தச் சொல்லுங்க. தெனமும் மறுக்கேன்."

"தெனமும் காரணம் வேணுமல்லங்க?"

"எங்கிட்ட காரணத்துக்கா பஞ்சம்? ஆயுசுக்கும் இருக்கு பாத்துக்கிடுங்க."

அதையும் எழுதினாள்.

அந்த அழைப்பு முடிந்து இருபத்தெட்டாம் நாள். வியாழக்கிழமை. மங்கை காலையிலேயே தலைக்குக் குளித்து, பட்டியலைத் திறந்தாள். அவர் பெயர் இல்லை. மேலும் கீழும் தேடினாள். பிறகு பழைய கோப்பில் போய்ப் பார்த்தாள். 'சம்மதம் பெறப்பட்டது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. தேதி, பன்னிரண்டு நாளைக்கு முன். பெற்றவர் என்ற இடத்தில் அவளுடைய ஊழியர் எண்.

உடனே கோயம்புத்தூர் அலுவலகத்தில் இருக்கும் மேற்பார்வையாளர் ரேஷ்மாவைக் கூப்பிட்டாள்.

"ரேஷ்மா, என்ற எண்ணுல யாரோ சம்மதம் போட்டிருக்கறாங்க. நான் பேசவே இல்ல கண்ணு."

"யாரு, தூத்துக்குடி கேஸா? அக்கா, உங்களுக்கு வாழ்த்து சொல்லணும்னு இருந்தேன்! பத்தொன்பது தடவை மறுத்தவரு. நம்ம கம்பெனியிலயே பெரிய ரெக்கார்டு அது."

"வாழ்த்து கிடக்கட்டும். எப்படி வந்துச்சு?"

ரேஷ்மா கெட்டவள் இல்லை. பொறுமையாகத்தான் விளக்கினாள். "புதுசா ஒரு சேவை ஆரம்பிச்சிருக்கோம்ல, துணைக்குரல்னு. அதுல ஒரு செய்தி அவருக்குப் போச்சு. 'மங்கையர்க்கரசி உங்களோடு தினமும் மாலை ஏழு மணிக்குப் பேசுவார். சம்மதம் என்று பதில் அனுப்பினால் போதும்'னு. அரை நிமிஷத்துல அனுப்பிட்டாரு."

"நான் எங்க பேசறேன்? நான் பேசலியே!"

"நீங்க இல்லக்கா, உங்க குரல். இயந்திரம் பேசும். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நாலஞ்சு பக்கம் வந்துச்சே, எல்லாத்துக்கும் சரின்னு அழுத்தினீங்களே. குரல் அனுமதியும் அதுல இருக்கு."

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள் என்று தினம் நாற்பது தடவை சொல்லுகிறவள், தன்னுடையதைப் படிக்கவில்லை. அன்றைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் விரல் தானாக அழுத்திக்கொண்டே போயிருக்கிறது.

"சரி, என்ற தலையெழுத்து. அவருக்கு எப்படி விளம்பரம் அனுப்பினீங்க? அவரு சம்மதிக்கலியே. அவரு தடயத்தைத் தொடக்கூடாதல்ல?"

"தொடலியே. சட்டம் சொல்றது இணையத் தடயத்தைத்தான். இது நம்ம கம்பெனியோட சொந்தப் பதிவு. மறுப்புக்கான காரணம் பெட்டி." ரேஷ்மாவின் குரலில் உண்மையாகவே மரியாதை இருந்தது. "அக்கா, மத்தவங்க எழுதுறது எதுக்கும் உதவாது. நீங்க எழுதினது இருக்கே... ஒரு மனுஷனோட உள்ளு முழுக்க இருக்கு. அவரு கண்ணு எப்பக் கலங்கும், எதுக்குச் சிரிப்பாரு, எல்லாம். இயந்திரம் அதை வெச்சுத்தான் கத்துக்கிச்சு. போன வாரம் மீட்டிங்ல உங்க பேரைச் சொல்லிக் கை தட்டினாங்க."

வக்கீல் முகத்தை அனுப்பியவன் ஒரு தேடலைப் பார்த்து அனுப்பினான். மங்கையோ ஒரு மனிதரின் பத்தொன்பது மாதத்தைத் தன் கையாலேயே பொறுக்கி எடுத்து, துடைத்து, தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவருக்கு அது இயந்திரம்னு தெரியுமா?"

"நிபந்தனையில எழுதியிருக்குக்கா."

"படிச்சிருப்பாரா?"

"இனி அவரு நம்ம பட்டியல்ல இல்ல. நீங்களா அவரைத் தொடர்பு கொண்டீங்கன்னா வேலை போயிரும். தயவுசெஞ்சு வேண்டாம்க்கா" என்று மட்டும் சொன்னாள் ரேஷ்மா.

அன்றைக்கு மங்கை மூன்று பேரிடம் சம்மதம் கேட்டாள். மூன்று பேரும் சரி என்றார்கள். நான்காவது அழைப்பைப் போடாமல் காதுப்பொறியைக் கழற்றி வைத்தாள். சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு நாளாக, இவள் இந்த மாடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஏழு மணிகளில், இவள் குரல் தூத்துக்குடியில் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் ஏமாந்துகொண்டிருக்கிறார் என்கிற கோபம் ஒரு பக்கம். தன்னை விட்டுவிட்டார்களே என்கிற பொறாமை ஒரு பக்கம். தன் குரல் மேலேயே பொறாமைப்பட்டாள், வேறென்ன சொல்ல.

வேலை போனால் போகட்டும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய எண் அவளுக்குத் தெரியாது. கணினி எண்ணை மறைத்துத்தான் இணைப்புத் தரும். ஆனால் முனையத்தின் பெயர் தெரியும். மூன்று மணி வாக்கில் சொந்தக் கைப்பேசியிலிருந்து அந்த அலுவலகத்துக்கு அடித்தாள்.

"இன்னாசிமுத்துங்கிறவர் கிட்டப் பேசோணுமுங்க. கிரேன் ஓட்டறவரு."

"இன்னாசி அண்ணனா? மேல இருக்காரு. நீங்க யாரு, வீட்லேர்ந்தா?"

அவள் ஒரு கணம் திகைத்தாள். "ஆமாங்க" என்றாள்.

"இருங்க, கூண்டுக்குப் போட்டுத் தாரேன்."

மணி அடித்தது. காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல்.

"சொல்லுங்க."

"ஏனுங்க... நான் மங்கைங்க."

"மங்கையா?" சந்தோஷம் பொங்கி வந்த குரல் சட்டென்று நின்றது. "இப்பமா? ஏழு மணிக்குல்லா கூப்பிடுவிய. இது ஆபீஸ் போனுல்லா?"

"அதைத்தான் சொல்ல வந்தேனுங்க. ஏழு மணிக்குக் கூப்பிடறது நான் இல்லீங்க. அது இயந்திரம். என்ற குரலை வெச்சுப் பேசுது. உங்களை ஏமாத்தறாங்க. நான்தான் நெசமான மங்கை. பத்தொன்பது மாசம் உங்ககிட்டப் பேசினது நான்தானுங்க."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாசிண்ணா?"

"ஏழு மணிக்குப் பேசுதவுக சொல்லித்தான் இருந்தாவ," என்றார் மெதுவாக. "என் குரல்ல பேசிக்கிட்டு யாராவது கூப்பிடுவாங்க, நம்பிராதீங்கன்னு. இப்பம் குரல் திருடுத மோசடி நெறைய நடக்காம்."

"ஐயோ, மோசடி இல்லீங்க! நான் நெசந்தானுங்க."

"அப்பம் எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அவளுக்கு உயிர் வந்தது. "உங்க தங்கச்சி மக கல்யாணத்தை அந்தக் கூண்டுல இருந்துதானே பாத்தீங்க? வெள்ளைப் புள்ளியாத் தெரிஞ்சுதுன்னு. சிலுவை போட்டீங்களே."

"அத நேத்துகூட அவுக கேட்டாவ. ஜெசிந்தாகிட்ட நீங்களே போய்ப் பேசுங்கன்னு சொன்னாவ."

"பல்பு மாட்டறதுக்குப் பயப்படுவீங்க. முக்காலி..."

"அதுவும் அவுகளுக்குத் தெரியும்."

"முதல் மாசம் வியாழக்கிழமைன்னு மறுத்தீங்க. ரெண்டாவது மழைன்னு. மூணாவது மாசம்..."

"எல்லாம் தெரியும்மா." அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "வேற சொல்லுங்க."

அவள் தேடினாள். வக்கீல் முகங்கள்? அழைப்பில் சொன்னது, பதிவாகியிருக்கும். கீழ்வீடு பூட்டிக் கிடந்த மாதம்? அதுவும் சொன்னதுதான். இருவருக்கும் நடுவில் இருந்தது அத்தனையும் ஒன்று அவள் எழுதியது, இல்லையென்றால் ஒலிப்பதிவில் இருப்பது. மறைத்து வைத்துக்கொண்டது என்று ஒரு துணுக்குக்கூட இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இப்போது தன்னைத் தான் என்று காட்ட அவள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவள் எழுதியதில்லை. அவரிடம் சொன்னதும் இல்லை. தனியாக இருக்கும்போது வாய்விட்டு முணுமுணுத்ததுகூடக் கிடையாது. கூச்சம் பிடுங்கித் தின்றது. இதை இப்போது சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று பட்டது. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாசிண்ணா, இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க. அந்த ஒரு அழைப்புக்காகத்தான் நான் மாசம் பூராக் காத்துட்டு இருப்பேன். நீங்க ஒரு நாள் சரின்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டே கேப்பேன். நீங்க மறுத்ததும்தான் மூச்சே வரும். உங்களை எனக்கு... எனக்கு அவ்வளவு பிடிக்குமுங்க."

கூண்டுக்கு வெளியே எங்கோ ஒரு கப்பல் ஊதியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதையும் அவுக சொல்லிட்டாவம்மா. முந்தாநாத்து."

இயந்திரத்துக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? இருபத்தேழு நாளும் மங்கை அவர் கோப்பைத் திறந்து திறந்து படித்தது கணினியில் பதிவாகியிருக்கும். வேறு யாருக்காகவும் தண்ணீர் குடித்துக் குரலைச் சரி செய்துகொண்டதில்லை. அவர் மறுத்த உடனே வந்த மூச்சு அத்தனை பதிவிலும் கேட்டிருக்கும். இன்னாசிமுத்துவை அவள் எழுதிக் கொடுத்தாள். அவளை எழுதிக் கொடுக்க ஆளே தேவைப்படவில்லை.

"அவுக சொல்லும்போது ஒரே அழுக," என்றார் இன்னாசிமுத்து. "எனக்கும் தாங்கல. நீங்க நல்லாத்தான் பேசுதிய, குரலும் அச்சு அசலாத்தான் இருக்கு. ஆனா அழலியே." அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க மேல கோவம் இல்ல. உங்களுக்கும் இது பொழப்பு. ஆனா இனிமே கூப்பிடாதிய என்ன? நான் இன்னொருத்திகிட்டப் பேசினேன்னு தெரிஞ்சா அவுக சங்கடப்படுவாவ."

அவர் வைத்துவிட்டார். மங்கைக்கு அதன் பிறகுதான் அழுகை வந்தது.